காலண்டரில் வந்த கஷ்டம்

முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் மகளிர் குழு கடன் வாங்கிக் கருவாடு போடுகிறது. திட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்க அதிகாரிகள் வந்தால், தலைவி நேராகக் குழுவில் இருக்கும் லூர்துமேரி வீட்டுக்குத்தான் அழைத்துப் போவாள். சந்தையில் முதலில் தீர்வது என் கருவாடு. ஆனால் கடன் திட்டத்துக்காக வருடாவருடம் அச்சடிக்கும் காலண்டரில் படமும் கதையுமாக வந்தது அவள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை சண்டை போட்டு அவர்களை என் வீட்டுக்கு வரவழைத்தேன். அதிகாரி கருவாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடன் வாங்கறதுக்கு முன்னாடி என்ன கஷ்டப்பட்டீங்கம்மா?"

"கஷ்டம் இன்னா சார், வூட்டுக்காரரு ஹார்பர்ல வேலை செய்றாரு."

கேமராவோடு லூர்துமேரி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆத்திரத்தில் நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். புருஷன் உடல் கரை ஒதுங்கிய நாளைச் சொல்லி அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"வெளிச்சம் சரியில்லம்மா, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அதிகாரி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள்.

அவர்கள் போனதும் என்னிடம், "இத்த சொன்னாதான் குழுவுக்கு அடுத்த கடன் வருமாம். ஒவ்வொரு தபாவும் அவரு புதுசா செத்துப் போறாருக்கா" என்றாள்.

அடுத்தமுறை அவள் வாசலிலேயே அவர்களை மறித்தேன். "லூர்து காசிமேடு போயிருக்குது சார்." உள்ளே அவள் மீன் கழுவும் சத்தம் கேட்டது. அது அவர்கள் காதில் விழாதிருக்க, குடியே அறியாத என் வீட்டுக்காரரைக் குடிகாரனாக்கிச் சத்தமாகப் புலம்பினேன்.

இந்த வருடக் காலண்டரில் என் படமும் அந்தக் கதையும் வந்திருக்கின்றன. நான் ஆசைப்பட்டதுதான். வீட்டுக்காரர் கண்ணில் படாமல் சுருட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.