நோ மோர் செட்

நேற்று கடையில் ஒரு பழைய கணினியைப் பிரித்து, அதன் டிஸ்க்கைப் புதுப் பெட்டிக்கு மாற்றினேன். மூடியைக் கழற்றியதுமே கொசுவர்த்தி வாசம். கொசுவர்த்தி ஏற்றுகிற வீட்டுக் கணினியென்றால் அப்படித்தான், எத்தனை தரம் ஊதித் துடைத்தாலும் போகாது. டிஸ்க்கில் இருந்த லினக்ஸ் இயங்குதளம் எழும்போது படிக்கிற கோப்பைச் சும்மா திறந்தேன். ஒரு வரியின் கடைசியில் ஆங்கிலத்தில், ‘நோமோர்செட்’. எந்தக் கணினிக்கும் அப்படி ஒரு சொல் தெரியாது. எனக்குத் தெரியும்.

தமிழ்ச்செல்வியின் கணினி அது. என் தங்கையோடு படித்தவள். கோல சிலாங்கூர் போகும் சாலையில் உள்ளே தள்ளி ஒரு தோட்டம், அங்கே தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் வீடு. அப்பா செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்தவர், நான் மாமா என்பேன். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று தோட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது. புக்கிட் செந்தோசாவில் வீடு பார்த்தார்கள். வேலையில் இருக்கிற ஆள் பெயரில்தான் தருவேன் என்றார் வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்து, புக்கிட் பெருந்துங் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போடும் வேலைக்குச் செல்வியை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இணையத்திலேயே, மதியம் மூன்று மணிக்கு. அவள் கணினியில் வரைவதை அவர்கள் அங்கிருந்து பார்ப்பார்கள்.

பெட்டியைக் கட்டிக் கொடுத்தது நான். உள்ளே அந்த வாரம்தான் வந்திறங்கிய புது பிராசஸர் சில்லு. “தனி கிராஃபிக்ஸ் கார்டு எதுக்கு? எல்லாம் சில்லுக்குள்ளேயே இருக்கு” என்று ஆளை ஏவுகிற பெரிய மண்டோர் கணக்காகப் பேசினேன். ஆனால் லினக்ஸ் போட்டபோது செருகியிருந்தது கடைக் கார்டு. முடிந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு, திரையில் கம்பெனி சின்னம் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்தது. அணைத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மடையன். மேசையடியில் இருந்த அரிசி டின்னைக்கூட நகர்த்தி இடம் செய்து வைத்திருந்தார் மாமா.

மறுநாள்தான் நேர்காணல். பன்னிரண்டு மணிக்குச் செல்வி கூப்பிட்டாள். “அண்ணே, சின்னம் வந்துச்சு, போயிருச்சு. கறுப்பா நிக்குது.”

நேரில் ஓடலாமென்றால் கடை முதலாளி தவுக்கே வேனோடு செகிஞ்சான் போயிருந்தார், என் மோட்டார் சைக்கிள் பட்டறையில் கிடந்தது. போன்தான் வழி. அவர்கள் வீட்டில் சன்னல் கம்பியோரம் மட்டும்தான் லைன் கிடைக்கும். கணினியோ பிளக் இருக்கிற எதிர்ச்சுவரில். அதனால் மாமா சன்னலில் நின்று நான் சொல்வதைக் கேட்டுக் கத்துவார், செல்வி தட்டுவாள்.

“எழும்பும்போதே ஈ பட்டனைத் தட்டி, அந்த நீள வரிக்குக் கடைசியில நோமோட்செட்னு போடச் சொல்லுங்க மாமா.” திரையை நீயாகத் தொடாதே, இருப்பதை அப்படியே காட்டு என்று லினக்ஸுக்குச் சொல்கிற சொல் அது. தட்டினாள். கறுப்பு. மறுபடியும் கறுப்பு. மூன்றாவது தடவையும் அதேதான். மணி ஒன்று. எனக்குக் குரல் ஏறிவிட்டது. சரியாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள் என்று கத்தியேவிட்டேன்.

மாமா நிதானமாகச் சொன்னார். “கோபப்படாத தம்பி. நீ சொன்னதத்தான் சொல்றேன். நோ மோர் செட். செட் இனிமே இல்லன்னு மெசினுக்குச் சொல்றோம், அதானேலா?”

நம் ஊரில் ரொட்டி தீர்ந்தாலும் நோ மோர், கடைசி பஸ் போனாலும் நோ மோர். அவர் காதில் வேறு எப்படி விழும்? இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. “மோர் இல்ல மாமா, மோட். எம், ஓ, டி, ஈ.” ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினார். படம் வந்தது. அந்தச் சொல்லைத் தொடக்கக் கோப்பிலும் எழுதி வைக்கச் சொன்னேன்.

ஆனால் கோடு போட்டால் மவுஸுக்குப் பின்னால் அது ஊர்ந்து வந்ததாம். இதை வைத்துக்கொண்டு நேர்காணலில் என்ன வரைவது? லினக்ஸின் உள்மையமான கெர்னல் பழசு, அதற்கு அந்தப் புதுச் சில்லை அடையாளமே தெரியவில்லை. புதுக் கெர்னலை இறக்க வேண்டும். அந்தப் போனிலோ பேசலாம், இல்லை இணையம் ஓடும், இரண்டும் சேர்ந்து நடக்காது. செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்தேன். மணி ஒன்று ஐம்பது.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. கோப்பி கலக்கி அப்படியே வைத்துவிட்டேன். இரண்டேகால். இரண்டரை. ஒரு குடும்பத்தின் வீட்டை என் வாய்ச்சவடாலால் கெடுத்துவிட்டேனே என்று உண்மையிலேயே பயந்தேன். அந்த அரிசி டின் வேறு கண்ணுக்குள்ளேயே நின்றது.

இரண்டு நாற்பத்தாறுக்குப் போன் வந்தது. “இறங்கிருச்சு தம்பி.” கோப்பில் எழுதிய நோமோட்செட்டை அழித்துவிட்டு மறுபடி எழுப்பச் சொன்னேன். மாமாவின் இருமல் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம்.

“கோடு ஓடுதாம் தம்பி” என்றார். லைனை வெட்டிவிட்டார். நேர்காணலுக்கு இணையம் வேண்டுமே.

மூன்றாம் நாள் வேலை கிடைத்தது. மாதக் கடைசிக்குள் புக்கிட் செந்தோசாவுக்கு வந்தார்கள்.

நேற்றைய பெட்டியிலும் புத்தம் புதுச் சில்லுதான். நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் படம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான், யாரும் யாருக்கும் எழுத்துக்கூட்டிக் கத்த வேண்டியதில்லை. போன மாதம் அந்தத் தோட்டப் பக்கம் போனேன். லயம் இருந்த இடத்தில் செம்பனைக் கன்று நிற்கிறது, எந்த வீடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. மாமா போன வருஷம் தவறிவிட்டார்.

செல்வியைக் கூப்பிட்டேன். “உன் கோப்புல நோமோர்செட்னு ஒண்ணு கிடக்கும்மா. அது எப்படி வந்துச்சு?”

“பயந்துக்கிட்டு ரெண்டையும் எழுதி வச்சேண்ணே. நோமோட்செட்ட அழின்னீங்க, அத மட்டும் அழிச்சேன். அது கெடுதலா?”

“கெடுதல் இல்ல. கண்டுக்காமப் போயிரும். எடுத்துரவா?”

“இருக்கட்டும்ணே. அது அப்பா சொன்னது.”

நான் அழிக்கவில்லை. பெட்டியை மறுபடி எழுப்பினேன். கணினி அந்தச் சொல்லைப் படித்து, புரியாமல், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. நான்தான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.