ஒலீட்டா குடாவில் இரண்டு முடிச்சு

ஒலீட்டா பீல் படகின் விளிம்பில் சாய்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, இடது முழங்கையைக் கடலில் நனைக்கிறாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் முன் தண்ணீரின் சூட்டைப் பார்ப்போமே, அதே மாதிரி. பிறகு ரேடியோவை எடுத்து, டிபெட்ஸ் துறையின் படகுகள் அத்தனைக்கும் கேட்கும்படி சொல்கிறாள்: "இன்னைக்கும் பிள்ளையக் குளிப்பாட்டலாம்." அவ்வளவுதான். ரேடியோவை மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

நாற்பத்தெட்டு வருஷமாக நடக்கிறது இது. முன்பெல்லாம் ஆகஸ்டில்கூட "கை வெறைச்சுப் போச்சு கண்ணுங்களா" என்றுதான் சொல்வாள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் எங்கள் மெயின் மாநிலக் கரையின் கடல் அப்படி. தவறி விழுந்தவன் கால்மணி நேரத்தில் கரையேறாவிட்டால் பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பவேண்டியதுதான். இப்போது கோடைக்கு வரும் பங்களாக்காரர்களின் பிள்ளைகள் உதடு நீலமாகாமல் மத்தியானம்வரை நீந்துகின்றன. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தோரு வயது அவளுக்கு. ஆரஞ்சு ரப்பர் உடுப்பின் முழங்காலில் சைக்கிள் டியூப் ஒட்டு. சனிக்கிழமை இரவு அவித்த பீன்ஸ் மிச்சத்தை ரொட்டிக்குள் அமுக்கி, திங்கள்வரை மதியச் சாப்பாட்டை ஓட்டுவாள். எல்லாருமே அவளுக்குக் கண்ணுதான். மீன்வள அதிகாரியும் கண்ணு, அவள் வைகிற ஆளும் கண்ணு. "உன் மூஞ்சிக்கு இந்தப் படகு ஜாஸ்தி கண்ணு" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

கூண்டு போட்டு சிங்கி இறால் பிடிப்பது எங்கள் பிழைப்பு. கூண்டு அடியில் கிடக்கும், கயிற்றின் மேல்முனையில் மிதவை ஆடும். மிதவையின் நிறத்தைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். ஒலீட்டாவுக்கு மஞ்சளில் கறுப்புப் பட்டை, எனக்கு வெள்ளையில் சிவப்பு. அவள் வீட்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் குடா, அவள் தாத்தா காலத்திலிருந்து மஞ்சள்-கறுப்பின் இடம். பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது. கூண்டு கிடக்கும்வரை இடம் உன்னுடையது, எடுத்துவிட்டால் ஊருடையது. அந்நியன் நுழைந்தால் முதலில் அவன் மிதவையின் கைப்பிடியில் கயிற்றைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போடுவோம். 'பார்த்துவிட்டேன், போய்விடு' என்று அதற்கு அர்த்தம். போகாவிட்டால் கயிறு அறுபடும்.

எனக்கு அறுபட்டிருக்கிறது. கல்யாணமான புதிது, கொழுப்பு. ஐந்து கூண்டை அவள் குடாவில் இறக்கினேன். முதல் வாரம் ஐந்திலும் இரண்டிரண்டு முடிச்சு. அவிழ்த்துவிட்டு மீண்டும் போட்டேன். மறுவாரம் ஐந்து மிதவைகளும் என் வண்டியின் பின்புறத்தில் வரிசையாகக் கிடந்தன, பக்கத்தில் ஒரு டப்பா நிறைய வெல்லப்பாகு டோநட். "பெண்டாட்டிக்காரன், பசியில திருடியிருப்பான்னு டோநட் சுட்டுக் கொண்டாந்தேன்" என்றாள், ஊரே கேட்கும்படி.

அப்போது அந்தக் குடாவுக்கு அத்தனை கிராக்கி. என்ன காலம் அது! ஜனவரியில் சாலையோரம் வண்டிகளை நிறுத்தி குளிர்கால இறாலை வாளி வாளியாக விற்போம். பனிமேல் இறால் தலைகள் சிவப்பாகக் கிடக்கும். துறைமேடையில் உட்கார்ந்து பொடிசுகள் தூண்டிலில் காட் மீன் பிடித்தன. அந்த இறாலும் போயிற்று, காட் மீனும் போயிற்று. சிங்கியும் இருபது மைல் தாண்டி ஆழத்துக் குளிருக்கு நகர்ந்துவிட்டது. பெரிய படகு வைத்திருக்கிறவன் பின்னாலேயே போகிறான். ஒலீட்டாவின் மரப்படகு போகாது.

வந்தவை வேறு. கறுப்பு பாஸ் என்ற தெற்கத்தி மீன் முதன்முதலில் கூண்டில் வந்தபோது, பங்களாக்காரர் யாரோ தொட்டியில் வளர்த்ததைக் கடலில் விட்டுவிட்டார் என்று நினைத்தாள் ஒலீட்டா. பங்களா பங்களாவாகப் போன் போட்டு, "உங்க மீன் எங்கிட்ட பத்திரமா இருக்கு, வாளியோட வாங்க" என்றாள். நாங்கள் ஒரு வருஷம் அதைச் சொல்லியே சிரித்தோம். மறு வருஷம் எல்லார் கூண்டிலும் வந்தது, சிரிப்பு நின்றது. எங்கள் ஊரில் எண்பது வருஷம் குடியிருந்தாலும் வேறிடத்தில் பிறந்தவன் வெளியூர்க்காரன்தான். இந்த மீனுக்கும் அவள் வைத்த பெயர் அதுவே.

போன மாதம் ஒரு வெளியூர்க்காரனின் வயிற்றைக் கீறிப் பார்த்தாள். விரல்நகம் அளவில் ஏழு சிங்கிக் குஞ்சுகள். தூண்டில் இரை வெட்டும் பலகையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "அதுக்கும் பசிக்கும்ல" என்றாள். கத்தியைக் கழுவ மறந்துவிட்டாள்.

அவள் மகன் ட்வைட் பெரிய படகுக்காரன், நல்லவன். "குடாவுல கெடக்கற நாப்பது கூண்டையும் சனிக்கிழமை வந்து தூக்கிடறேம்மா. படகக் கரையேத்திட்டு எங்கூட வந்துடு" என்று சொல்லிவிட்டான். அவளும் தலையாட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை துறைமேடையில் காபி குடிக்கையில் என்னிடம் சொன்னாள்.

"குடாவக் கொடுத்துடுறியா?" என்றேன்.

"ஒம்போது வருஷமாச்சு ராய்ஸ், அங்க ஒருத்தன் நொழைஞ்சு. திருடக்கூட ஆள் வராத எடம், அது என்ன எடம் கண்ணு?"

வையாமல் அவள் என்னைக் கண்ணு என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை. எனக்குத் தாங்கவில்லை. அறுபத்தைந்து வயதில் அழுதால் நன்றாக இருக்காது என்று காபியைக் குடித்து முடித்தேன்.

புதன்கிழமை மத்தியானம், அவள் தேவாலயத்துக்குப் பூச்சாடி துடைக்கப் போகும் நேரம் பார்த்து, ஒரே ஒரு கூண்டைக் கொண்டுபோய்க் குடாவின் நட்டநடுவில் இறக்கினேன். உள்ளே நல்ல இரையாகவே வைத்தேன். ஏமாற்று வேலையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

வெள்ளிக்கிழமை காலை, குடாவின் வாயிலில் பாறை மறைவில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தாள். முழங்கையை நனைத்தாள். "குளிப்பாட்டலாம்" என்று ரேடியோவில் சொன்னாள், சுரத்தே இல்லை. தன் கூண்டுகளை இழுக்க ஆரம்பித்தாள். முதலாவதில் நண்டு, அடுத்ததில் இரண்டு வெளியூர்க்காரர்கள், அதற்கடுத்து வெறும் பாசி. பிறகு நிமிர்ந்தாள். வெள்ளையில் சிவப்பு.

கொக்கிக் கழியால் என் மிதவையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுகையால் ரேடியோவை எடுத்தாள்.

"ட்வைட், நாளைக்கு வராத."

"ஏம்மா?"

"குடாவுல ஆள் எறங்கிட்டான்."

"யாரு?"

"யாராயிருந்தா உனக்கென்ன? இப்ப நான் எழுந்திரிச்சா அவன் உக்காந்துக்குவான்."

"அம்மா, அங்க என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்லாமயா வந்திருக்கான்?"

துறை முழுக்கக் கேட்டிருக்கும். ஒலீட்டா ரேடியோவை மாட்டினாள். என் மிதவையை மடியில் வைத்து, கைப்பிடியைச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டாள், இரண்டாவதைப் போட்டாள். இரண்டையும் பல்லைக் கடித்து இழுத்து இறுக்கினாள். அப்புறம், மிதவையின் தலையில் கடற்காகம் போட்டிருந்த எச்சத்தைத் தன் சட்டைக் கையால் சுத்தமாகத் துடைத்து, எடுத்த இடத்திலேயே மெல்லத் தண்ணீரில் விட்டாள்.