தகர டின்னுக்குள் ஓடிய கோச்சி

கற்பிட்டிக்குப் போகிறவர்கள் டொல்பின் பார்க்கப் போவார்கள், பட்டம் கட்டிக் கடலில் சறுக்கப் போவார்கள். கடந்த பெப்ரவரியில் நான் போனது ஒரு பொம்மை ரயில் இஞ்சினை எடுத்துவர. சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். சின்ன ரயில்களை, எங்கள் பேச்சில் கோச்சிகளை, சேர்த்து ஓட்டும் கிறுக்குப் பிடித்தவர்கள் இந்தத் தீவில் ஒரு கைப்பிடி பேர் இருக்கிறோம். இந்தப் பொழுதுபோக்கின் கதையைத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை மேசை மேசையாக ஓட்டிக் காட்டலாம் என்று சிலாபத்தில் ஒரு மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம்.

கதை சுருக்கமாக இதுதான். பெரிய ரயில் வந்த கொஞ்சக் காலத்திலேயே சின்ன ரயிலும் வந்துவிட்டது. முதலில் வந்தவை பித்தளை இஞ்சின்கள். உள்ளே ஸ்பிரிட் எரித்து, தரையெல்லாம் தண்ணீரும் எண்ணெயும் சொட்டிக்கொண்டு ஓடும். பிறகு ஜெர்மனிக்காரர்கள் தகரத்தில் அச்சடித்துச் சாவி கொடுத்து ஓடுகிற இஞ்சின் செய்தார்கள். தண்டவாளத்துக்கு இன்ன அகலம் என்று இலக்கம் வைத்ததும் அவர்கள்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துவிட்டு, வீடுகள் சிறுக்கச் சிறுக்க அதைவிடச் சின்னதுக்கு என்ன இலக்கம் என்று யோசித்துப் பூச்சியம் என்று வைத்தார்கள். அதில் பாதி இன்றைக்கு உலகமெங்கும் ஓடுகிற அளவு. சாவி போய் மின்சாரம் வந்தது, இப்போது இஞ்சினுக்குள் சிப் வைத்துக் கைபேசியால் ஓட்டுகிறோம். எங்களிடம் எல்லாம் இருந்தன. பூச்சிய அளவில் சாவி இஞ்சின் மட்டும் ஒருவரிடமும் இல்லை.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் பல வருடங்களாக இருந்தார். ஒரு படம் போட்டதில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை. சாவி இஞ்சின் வேண்டும் என்று நான் எழுதிய அன்று எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினார். சீமெந்துத் தரையில் பச்சை நிற இஞ்சின். நான் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் படத்தை அழித்துவிட்டார். பிறகு அழைத்தார். கற்பிட்டியில் ஒரு பாடசாலையில் கணக்கியல் படிப்பிக்கிறவராம்.

“வந்து பாருங்க தங்கச்சி. ஃபோன்ல வேணாம்” என்றார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நான் அவரை நானா என்றேன். இதை எழுதும்போதும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

எனக்குத் தனியாகப் பயணம் போவதென்றாலே பயம். கண்காட்சிக்கு முதல் நாள், வத்தளையில் காலை ஐந்தரைக்குக் கொழும்பு – கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். கிட்டத்தட்ட நூற்று அறுபது கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம். சாரதி மாதம்பைக்குப் பிறகு இரண்டு லொறிகளுக்கு நடுவே புகுந்தபோது கண்ணை மூடியவள், பாலாவியில் உப்பளங்கள் தெரிந்த பிறகுதான் திறந்தேன். அங்கிருந்து பஸ் இடப்பக்கம் திரும்பி நாற்பது கிலோமீற்றர் குடாநாட்டு வழியாக ஓடும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் வெங்காயத் தோட்டங்களும் காற்றாலைகளும். வீதியில் கழுதைகள் நிற்கும். அவை விலகாது, சாரதிதான் விலகுவார். வலப்பக்க யன்னல் ஆசனத்தைத் தவிர்த்துவிடுங்கள், வெயில் முழுவதும் உங்கள் மேல்தான்.

நானா பஸ் நிலையத்தில் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும், தாடி, தொப்பி, நன்றாக மினுக்கிய வெள்ளைச் சட்டை. சலாமோ வணக்கமோ இல்லாமல் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். வீட்டுக்குள் போய்க் கேட்டைப் பூட்டிய பிறகுதான் சிரித்தார். அவருடைய மனைவி தேத்தண்ணியும் கதலிப்பழமும் வைத்தார். நான் ராத்தா, அதாவது அக்கா, என்று அழைத்த அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

“முந்தி இந்த அறை முழுக்கக் கோச்சி தான்” என்றார் நானா. “கரண்ட்ல ஓடுறது. பெட்டி, வயர், சுவிட்ச், நேரத்துக்கு நிப்பாட்ட ஒரு டைமர். எல்லாம் என்ட கையால செஞ்சது.”

“இப்ப எங்க?”

“களப்புக்குள்ள.”

2019 ஏப்ரலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த பிறகு, முஸ்லிம்கள் வாழும் இந்தப் பக்கத்தில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. மேசையில் வயர், பற்றரி, டைமர். பொம்மை ரயிலுக்கு என்று எந்த மொழியில் சொன்னால் நம்புவார்கள் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து யோசித்தார்களாம். விடிவதற்குள் முழுவதையும் கழற்றி, மீன்பெட்டியில் போட்டு, தோணியில் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட்டார். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் மச்சான் அனுப்பிய சாவி இஞ்சினை மட்டும் விட மனம் வரவில்லை.

“அதுல வயரே இல்ல தங்கச்சி. அதால வெச்சிக்கிட்டேன்” என்றார்.

தரையில் வட்டமாகத் தண்டவாளத்தைப் பூட்டி இஞ்சினை வைத்தார். பச்சைப் பூச்சு ஒரு இடத்திலும் உரியவில்லை. சாவியை முறுக்கி, பின்பக்கத்துப் பிரேக் கம்பியை விட்டதும் கிர்ரென்று ஓடத் தொடங்கியது. நான் கை தட்டினேன். அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். இரண்டாவது முறை நிறைய முறுக்கி வைத்தார்.

அது கால் சுற்று ஓடியிருக்காது. கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம். நானா கையை நீட்டி, இஞ்சினைத் தூக்கி, பிரேக்கைப் போட்டு, பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடியதை நான் பார்த்தேன். ஆனால் எப்போது செய்தார் என்று சொல்ல முடியாது, அவ்வளவு வேகம். ராத்தா தண்டவாளத்தின் மேல் பாயை விரித்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. வந்தவர் தயிர்க்காரர்.

சாவி இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே இருக்கும் சுருள்வில் முழுவதும் தளரும்வரை ஓடவிட்டுத்தான் பெட்டிக்குள் வைப்போம். முறுக்கின வில்லோடு வைக்கவே கூடாது. நானாவுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் ஆறு ஏழு வருடமாகக் கேட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் டின்னுக்குள் போட்டு மூடிப் பழகிய கைக்கு, அன்றைக்கு அது நினைவு வரவில்லை. மூடியைச் சுற்றிச் செலோடேப்பும் ஒட்டிவிட்டார். எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நானாவும் என்னோடு சிலாபத்துக்கு வருவதாக ஏற்பாடு. ராத்தா குறுக்கே நின்றார். “குடுத்து அனுப்புங்க. நீங்க போகத் தேவல்ல. எனக்கு நெஞ்சு படபடண்டு அடிக்கிது.”

“ஒரு நாளைக்கி ஆக்களுக்கு முன்னால என்ட கையால ஓட்டிட்டு வாறேனே” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். “மேசையில பேர் போட்டு அட்ட வெப்பீங்களா? என்ட பேரப் போடுவீங்களா?”

“பின்ன யாருடைய பேரைப் போடுறது?” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

ஒரு மணி பஸ்ஸில் ஏறினோம். சிலாபத்துக்குத் தொண்ணூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஆசனம் கிடைத்தது, அதை எனக்குத் தந்துவிட்டு நானா பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். டின் என் மடியில் இருந்தது. தலவில கடந்தது, நுரைச்சோலை கடந்தது. வீதியில் ஒரு பள்ளத்தில் பஸ் விழுந்து எழும்பியது. அப்போது என் மடி அதிர்ந்தது.

பிரேக் கம்பி நழுவிவிட்டது. டின்னுக்குள் இஞ்சின் ஓடத் தொடங்கியது. சக்கரம் தகரத்தில் உரசி டக் டக் டக் என்று, அதற்குப் பின்னால் கிர்ரென்ற சத்தம். நான் செலோடேப்பின் நுனியைத் தேடினேன். நகம் வழுக்கியது. எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து நானாவைப் பார்த்தாள். அவளுடைய கை பிள்ளையின் தோளைப் பிடித்தது. யாரோ சிங்களத்தில் “நிறுத்து, நிறுத்து” என்றார். சாரதி பிரேக் போட்டதும் இரண்டு கதவாலும் ஆட்கள் இறங்கினார்கள், ஒருவர் யன்னலால் குதித்தார்.

எனக்குப் பயம். ஆனால் அது என்ன பயம் என்று எழுதும்போதுதான் தெரிகிறது. மடியில் இருப்பது பொம்மை என்று எனக்குத் தெரியும். நான் பயந்தது வெளியில் நின்று யன்னல் வழியாக நானாவைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களுக்கு. அவர்களும் பயந்துதான் போயிருந்தார்கள். அந்தப் பயத்தில் யாராவது ஒருவர் கல்லெடுத்தால் போதும்.

நானா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தார். விரல்களுக்கு நடுவே அடையாள அட்டை. யாரும் அதைக் கேட்கவில்லை. நான் டேப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்துக்குள் எடுத்துவிட்டார்.

சந்தியில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் ஏறினார். இளம் ஆள், அவருக்கும் நெற்றி வியர்த்திருந்தது. டின் என் மடியில் டக் டக் என்கிறது, அவர் நானாவிடம் சிங்களத்தில் கேட்டார், “உள்ளே என்ன?” நானா என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறவர். வாயைத் திறந்தார். பிறகு பதிலுக்கு அடையாள அட்டையைத்தான் இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

“இது என்னுடையது” என்றேன் நான். “பொம்மை ரயில். என்னுடையது.”

பொலிஸ்காரர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். பொட்டு, கைப்பை, மடியில் டின். குரல் உடனே இறங்கியது. “மெதுவாகத் திறவுங்கள், மிஸ்.” பல்லால் கடித்து டேப்பைக் கிழித்தேன். உள்ளே பச்சை இஞ்சின் பக்கவாட்டில் விழுந்து கிடந்து, சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அவர் சிரித்துவிட்டார். மகனுக்குக் காட்ட என்று கைபேசியில் படம்கூட எடுத்தார். ஆட்கள் திரும்ப ஏறினார்கள். கொண்டக்டர் என்னைப் பார்த்து, “மிஸ், கோச்சிக்கும் ஒரு ரிக்கெட் எடுக்கணும்” என்று பகிடி விட்டார், எல்லோரும் சிரித்தார்கள். நானாவிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. “நானா, கையை இறக்குங்க” என்று நான் சொன்ன பிறகுதான் இறக்கினார்.

பஸ் பாலாவியைத் தாண்டியது. நானா குனிந்து, “தங்கச்சி, அந்த அட்டையில உங்கட பேரப் போடுங்க” என்றார்.

“ஏன் நானா? ஒண்டும் நடக்கேல்லையே.”

“நீங்க உங்கட சாமானெண்டு சொல்லவும் அது பொம்மையாப் போச்சி. அப்பிடியே இரிக்கட்டும்.”

நான் வாதாடினேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். சிலாபத்தில் இறங்கியதும் டின்னை என்னிடம் விட்டுவிட்டு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. கற்பிட்டியில் இருந்து பின்னேரத்தில் நேரடி பஸ் குறைவு, தவறினால் பாலாவியில் மாறுங்கள். காற்றில் உப்பு, தகரமும் இரும்புத் தண்டவாளமும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மெல்லியதாக எண்ணெய் பூசித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். வில்லைத் தளரவிட்டுப் பொதியுங்கள். டேப் ஒட்டாதீர்கள், மூடி கண்ணாடி போல் தெரிகிற பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தால் நல்லது. வயர், பற்றரி கொண்டுபோகிறவர்கள் இஞ்சினைத் தனியாக மேலே தெரிய வையுங்கள். இவற்றை எல்லாம் செய்தாலும், எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பயணம் அமையும் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு அது இந்த வயதில்தான் உறைத்தது, அதில் எனக்கு வெட்கம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. சாவி இஞ்சின் இரண்டாவது மேசை. அட்டையில் என் பெயர். பதினொரு மணிபோல நானா வந்தார். நூறு ரூபா கொடுத்து ரிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, மற்றவர்களைப் போல மேசைக்கு முன்னால் வந்தார். தொப்பி போட்டிருக்கவில்லை. இஞ்சின் சுற்றுவதை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு மனிதர் அவரிடம், “அருமையான சாமான். யாருடையது?” என்று சிங்களத்தில் கேட்டார். நானா என் பக்கம் கையைக் காட்டினார். “அந்த மிஸ்ஸுடையது” என்றார்.

இஞ்சின் ஓடிக் களைத்து நின்றது. நான் குனிந்து சாவியை எடுத்தேன். எனக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் கேட்டார்.

“மிஸ், நான் ஒருக்காச் சாவி குடுத்துப் பாக்க ஏலுமா?”

சாவியை நீட்டினேன். சுற்றி ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஓம், கவனமாக” என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.