சமத்துவத்துக்கு நான் சொன்ன உதாரணம்

எழுபதுகளின் கடைசியில், ஒரு மே மாத விடுமுறையில், பழவேற்காட்டுப் பள்ளி ஒன்றில் எங்களுக்கு ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பதினெட்டு ஆசிரியர்கள். விஷயம், இந்திய அரசமைப்பு. லீவில் போய்க் கூப்பிட்டார்களே என்று பாதிப்பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். நானோ பள்ளியைத் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் ஆரம்பாக்கம் பக்கம், நெல் விளைகிற ஊர். ஏரிக்கரை மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு வருடத்தில் மீனவர் வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிட்டதாக நினைப்பு.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். கடைசி நாள் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் மாதிரிப் பாடம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார வேண்டும். நன்றாக எடுக்கிற ஒருவரை அடுத்த மாதம் சென்னைப் பயிற்சிக்கு, அங்கே வருகிறவர்களுக்குப் பாடம் நடத்தும் கருத்தாளராக அனுப்புவார்கள். அந்த ஒருவர் நான்தான் என்று அன்றைக்கே முடிவு செய்து, "சென்னைக்குப் போகிறேன்" என்று வீட்டுக்குக் கார்டும் போட்டுவிட்டேன்.

எனக்கு வந்த தலைப்பு, சட்டத்தின் முன் அனைவரும் சமம். உதாரணத்துக்கு நான் அலையவே இல்லை. பாடு முறை கையிலேயே இருந்தது. ஏரியில் மீன் நிறையக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அந்த முறைதான் பாடு. பெரிய ஆள், சின்ன ஆள் பார்க்காது சீட்டு.

கடைசி நாள் சாக்பீஸை எடுத்தேன். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த வழுக்கைத் தலைமையாசிரியர் கடைசி பெஞ்சிலிருந்து சுண்டு விரலைக் காட்டினார்.

"சார், ஒண்ணுக்குப் போவணும் சார்."

"இப்பதானே போய்ட்டு வந்தே, உட்காரு."

சிரிப்பு அடங்கியதும் கரும்பலகையில் ஏரியை வரைந்து, படகுகளை மிதக்கவிட்டு, "பாடு முறையில் எல்லாருக்கும் சமமான இடம். பதினாலாவது பிரிவு சொல்வதும் இதுதான்" என்று முடித்தேன். பயிற்சியாளர் தலையாட்டினார். சென்னை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. என் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர். கோட்டைக்குப்பத்திலேயே பிறந்தவர்.

"சார், ஒரு டவுட்டு. எங்கப்பாவுக்குப் பாடு இருந்துச்சு. நாங்க மூணும் பொண்ணுங்க. அப்பா செத்தப்புறம் எங்க வீட்டுக்குச் சீட்டே கிடையாதுன்னுட்டாங்க. ஏன் சார்?"

"அது... பொம்பளைங்க படகுல போறதில்லையேம்மா."

"நாங்க போவ வேணாம் சார். எங்க மாமா போயிருப்பாரு, எங்கம்மாவுக்குப் பங்கு வந்திருக்கும். பதினாலாவது பிரிவுல ஆம்பளைங்களுக்கு மட்டும்னு போட்டுக்கீதா?"

புத்தகத்தைப் புரட்டினேன். அப்படிப் போடவில்லை என்பது எனக்கே தெரியும், இருந்தாலும் புரட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து தலைமையாசிரியர், "சார், இப்ப நீங்க ஒண்ணுக்குப் போய்ட்டு வரலாம்" என்றார். அறையே அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "உங்க பாடம் என்ன டீச்சர்?" என்று கேட்டார்.

"குடியரசுத் தலைவரோட அதிகாரம் சார்."

"அதை விடுங்க. இதையே எடுங்க."

டீச்சர் என் படகுகளை அழிக்கவில்லை. காகிதத்தைக் கிழித்துச் சீட்டு எழுதினார். ஆண்கள் எடுத்தோம். ஐந்து பெண் ஆசிரியர்களைச் சும்மா உட்காரச் சொன்னார். "இது தப்புன்னா யாருகிட்ட போய்ச் சொல்றது? ஊர்க்கூட்டத்திலயா, கோர்ட்டுலயா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். ஊர்ப் பழக்கத்தில் கோர்ட்டுக்கு என்ன வேலை என்றார் ஒருவர். சட்டம் ஊருக்கு வெளியே நிற்குமா என்று இன்னொரு டீச்சர் எழுந்துவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த பாதிப்பேரும் பெஞ்சைத் தட்டிக் கத்தினார்கள். பத்து நிமிடம் முக்கால் மணி நேரமானது.

சாயங்காலம் சென்னைக்குப் போகிறவர் என்று பயிற்சியாளர் படித்தது எங்கள் பள்ளி டீச்சர் பெயரைத்தான்.

டீ வாங்கிக்கொண்டு தனியாகப் போய் நின்றேன். டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"இன்னா தம்பி, கோச்சுக்கினியா?"

"இல்லக்கா."

"மூஞ்சியே சொல்லுது. இத பாரு, மெட்ராஸ்ல இருக்கிறவங்களுக்குப் பாடுன்னா இன்னான்னே தெரியாது. எனக்குப் பேச வரும், எழுத வராது. அங்க பேசறதுக்கு நீ எழுதிக் குடேன்."

டீ ஆறட்டும் என்று வைத்துவிட்டு நோட்டை விரித்தேன். உற்சாகம் திரும்பிவிட்டது. கிரேக்க நாட்டு மக்களாட்சியிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது வரியில் டீச்சர் பேனாவைப் பிடுங்கி அத்தனையையும் அடித்தார்.

"எங்கப்பாகிட்டேர்ந்து ஆரம்பி" என்றார்.