மதலேனம்மாவின் தவறணை

"ஊது."

சந்தையால் திரும்பி வந்த றோஸ், தலையில் மீன் கடகத்தோடு அப்படியே நின்று மதலேனம்மாவின் மூக்குக்கு நேரே ஊதினாள்.

"மரவள்ளிக்கிழங்கும் பச்சை மிளகாயும். சரி, உள்ளை போ."

அந்த வீட்டு வாசலைத் தாண்டுகிற எவருக்கும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு இல்லை. ஒருமுறை வீட்டை மந்திரிக்க வந்த கோயிற் சுவாமியாரின் முன்னாலும் பழக்க தோஷத்தில் மூக்கு நீண்டுவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "பூசை வைன் மட்டுந்தான், மகள்" என்று சொல்லிவிட்டுத் தீர்த்தத்தைத் தெளித்தார்.

கரையூரில் அந்த வீட்டுக்கு இன்னும் தவறணை என்றுதான் பெயர். ஊர் கூடி வாக்குப் போட்டுக் கள்ளையும் சாராயத்தையும் ஒழித்த ஆண்டு வரை அது தவறணையாகவே இருந்தது. நீளமான கூடம், சுவரோரம் உட்கார நீள வாங்குகள், நடுவில் ஓர் ஆள் படுக்கக்கூடிய அகலத்தில் சாராயம் அளந்து ஊற்றிய மேசை. முன்பு ஆண்கள் விழுந்து கிடந்த இடத்தில் இப்போது பெண்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். குடித்துப் பழகி விடமுடியாமல் வந்தவர்கள் சிலர். குடிக்கிற புருசனுக்குத் தப்பி வந்தவர்கள் சிலர். இரண்டும் சேர்ந்தவர்களே அதிகம். எல்லோரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.

இடத்தைக் கொடுத்தவர் பழைய தவறணைக்காரர் சிமியோன். மனம் திரும்பிக் கொடுத்தார் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார். சிமியோனுடைய கணக்கு வேறு. "சனம் எத்தினை நாளைக்கு இப்பிடி இருக்கும்? திரும்ப வாக்கெடுப்பு வரும், திறப்பம். அதுவரைக்கும் கூட்டித் துடைச்சு வைச்சிரு பிள்ளை." மாதம் ஒருமுறை வந்து மேசையைத் தட்டிப் பார்ப்பார். கறையான் பிடிக்கவில்லை என்றால் சந்தோஷமாகப் போய்விடுவார்.

மதலேனம்மா அகன்ற உடம்புக்காரி. வாயில் எப்போதும் வெற்றிலை. வாயாடி. பொய்யும் சொல்லுவாள். வல்வெட்டித்துறையில் சின்னாச்சி என்றொருத்தி இருந்ததாகவும் அவள் குடித்துச் செத்ததாகவும் புதிதாக வருபவர்களுக்குக் கண்கலங்கச் சொல்லுவாள். சின்னாச்சி ஒரு மாரியில் கிணற்றில் விழுந்து செத்தாள். அடுத்த கோடையில் ஈரல் வெடித்துச் செத்தாள். பழையவர்கள் இந்த முறை எப்படிச் சாகப்போகிறாள் என்று ஆவலோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவளுடைய சொந்தக் கதையில் மட்டும் பொய் இல்லை. புருசன் இன்னாசித்தம்பிக்குத் தனியக் குடிக்கப் பிடிக்காது. கலியாணமான புதிதில் அவளையும் பக்கத்தில் இருத்தி ஊற்றிக் கொடுத்தான். பிறகு ஒரு தவக்காலத்தில் அவன் சத்தியம் பண்ணி விட்டுவிட்டான். கோயிலில் அவனுக்குக் கொடி பிடிக்கும் மரியாதை கிடைத்தது. அவளால் விடமுடியவில்லை. அவளுக்குக் கிடைத்தது வேறு பெயர். இரண்டு பிள்ளைகளையும் மச்சாள் கொண்டுபோய் வளர்த்தாள். "குடியை விட்டிட்டு வா, தாறன்" என்றாள். படாத பாடு பட்டு விட்டுவிட்டு மதலேனம்மா போய் நின்றபோது, பிள்ளைகள் அத்தையை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் சீலைக்குப் பின்னால் ஒளித்தன.

"ஆம்பிளை விட்டால் புண்ணியவான். பொம்பிளை விட்டால் முந்திக் குடிச்சவள்" என்பாள். திருந்தியவள் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "நான் எங்கை திருந்தினனான்? நிப்பாட்டி வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்."

அந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஒருநாள் பிரக்கிராசியார் பஞ்சலிங்கம் வந்தார். மதுவிலக்குச் சங்கத் தலைவர் அவர். நீதிமன்றத்தில் பேசி மிஞ்சிய குரலையெல்லாம் சங்க மேடைகளில் செலவழித்தவர். வென்ற இடத்தில் வாசிகசாலை ஒன்று வைக்க வேண்டும் என்பது சங்கத்தின் தீர்மானம். சிமியோனோடும் அவரே பேசி ஒரு மாதிரிச் சரிக்கட்டியிருந்தார்.

"தவறணையைத்தான் மூடியாச்சே. இனிக் குடிகாரர் எங்கை? இந்த வீட்டை ஆருக்கெண்டு நீ வைச்சிருக்கிறாய்?"

"உள்ளை வந்து பாருங்கோ ஐயா."

அவர் உள்ளே போகவில்லை. படலைக்கு வெளியே நின்றபடி, குடிக்கிற பெண்கள் என்று ஒரு வீடு இருப்பதே வெற்றிக்கு இழுக்கு என்று விளங்கப்படுத்தினார். தைப்பொங்கலுக்கு முன் வெளிக்கிட வேண்டும் என்று தவணையும் சொன்னார். மதலேனம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே" என்றாள். அன்றைக்குப் பெண்கள் ஒருத்தியும் சரியாகச் சாப்பிடவில்லை. அவளும் சின்னாச்சியைச் சாகடிக்கவில்லை.

கார்த்திகை மழைக்குள், ஊர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மத்தியானத்தில், திரை போட்ட ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி ஒன்று பின்பக்க ஒழுங்கையில் வந்து நின்றது. இறங்கியவர் பஞ்சலிங்கம். சால்வையைத் தலையில் போட்டிருந்தார்.

"நீர் கொஞ்சம் உதவி செய்யவேணும்" என்றார். முன்பு 'நீ'யாக இருந்தவள் 'நீர்' ஆனதை மதலேனம்மா கவனித்தாள்.

வண்டிக்குள் அவருடைய மனைவி குணலட்சுமி இருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு உடம்பு தேறவென்று வைத்தியர் சொன்ன வைனில் தொடங்கியது அவளுடைய குடி. அவரே கடையில் போத்தல் போத்தலாக வாங்கிக் கொடுத்தார். மருந்து மதுவாகாது என்பது சங்கத்தின் விதிகளிலும் இருந்தது. பிள்ளை வளர்ந்தது; மருந்தும் வளர்ந்து பிறண்டியானது. இப்போது காலையில் அது இல்லாவிட்டால் குங்குமம் வைக்கக் கை நிலைகொள்ளாது.

"ஊதுங்கோ அம்மா" என்றாள் மதலேனம்மா திரைக்குள் தலையை நீட்டி. பிறகு அவரிடம் திரும்பினாள். "பிள்ளை எங்கை?"

"பாலேஸ்வரியோ? வீட்டிலை நிக்கிறாள். அவள் ஏன் இஞ்சை?"

"தாய் தனிய வந்தால் ஓடிப் போயிடுவா. இல்லாட்டி நிண்டு சுகப்படேக்கை பிள்ளை தாயை மறந்திடும். பிள்ளையோடை வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டி வண்டியைத் திருப்புங்கோ."

வண்டி திரும்பியது. மாலையாகுமுன் பிள்ளையோடு வந்தது.

குணலட்சுமி சிதம்பர யாத்திரை போயிருப்பதாக ஊரில் சொல்லப்பட்டது. அயலார் திருநீறு கேட்டார்கள். பஞ்சலிங்கம் நல்லூரில் வாங்கிய திருநீற்றைச் சிதம்பரத்திலிருந்து தபாலில் வந்ததென்று கொடுத்துச் சமாளித்தார். வாசிகசாலைக்கு இந்த இடம் காற்றோட்டம் போதாது என்றும் சங்கத்தில் ஒரு கருத்து எழுந்தது.

மீன் மணக்கும் வீட்டில் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று குணலட்சுமி முதலில் மூலையில் இருந்தாள். நடுக்கம் பிடித்ததும் அந்த வைராக்கியம் போய்விட்டது. சத்தி எடுத்தாள். சுவரில் பாம்பு ஊருகிறது என்று கத்தினாள். றோஸ் தலையைப் பிடிக்க, மதலேனம்மா காலை மடியில் வைத்துக்கொண்டு சின்னாச்சி கதையைத் தொடங்கினாள்.

தெளிந்த பிறகு கிழிந்த வலையைப் பொத்தக் கொடுத்தாள். "கை சும்மா இருந்தால் போத்தலைத் தேடும், அம்மா." வேலை பிடிபட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று மதலேனம்மா நினைத்திருந்த வேளையில், ஒருநாள் கிணற்றடியிலிருந்து வந்தவளின் சீலையில் மணம். ஒரு காதுத் தோட்டைக் கழற்றி வேலிக்கு மேலால் யாரிடமோ கொடுத்துக் கள்ளச் சாராயம் வாங்கியிருந்தாள்.

மதலேனம்மா கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்த குணலட்சுமிக்குத்தான் ஆத்திரம் வந்தது.

"நான் என்ன, உன்ரை மறியற்காரியே? நான் போறன்."

"போங்கோ. கதவு திறந்துதான் கிடக்கு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

பாலேஸ்வரி றோசின் பிள்ளைகளோடு சிரட்டையில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். தாய் கையைப் பிடித்ததும் முகத்தை மோந்து பார்த்துவிட்டு மெல்லக் கையை உருவினாள். "நான் வரேல்லை அம்மா. நீங்கள் திரும்பவும் அந்த மணம் மணக்கிறியள்."

குணலட்சுமி நின்ற இடத்திலேயே குந்தினாள். நெடுநேரம் அழுதாள். பிறகு, மண்சோற்றுக்கு அடுப்பு எரியவில்லை என்று பிள்ளை முறையிட, சுள்ளி பொறுக்கி வைத்தாள். மதலேனம்மா அன்றிலிருந்து கிணற்றடிக்குத் தானும் கூடப் போனாள்.

தை பிறந்தது. சங்கத்தின் ஆண்டு ஊர்வலம் மேளதாளத்தோடு கரையூருக்கு வந்தது. அந்த வழி வேண்டாம் என்று தலைவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வென்ற இடத்தில் பேசாமல் போவதா என்று காரியதரிசி அருட்பிரகாசம் மாஸ்டர் விடவில்லை. தவறணைக்கு முன்னால் மேளம் நின்றது. பஞ்சலிங்கம் ஒரு வாங்கில் ஏறினார். முதலில் தயங்கித்தான் தொடங்கினார். கூட்டம் கைதட்டியதும் குரல் தன்பாட்டில் உயர்ந்துவிட்டது.

"இந்தக் குடாநாட்டிலே மதுவைத் தொட்ட பெண் ஒருத்தியைக் காட்டுங்கள், பார்ப்போம்!"

கூடத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாக் கண்களும் குணலட்சுமியிடம் போயின. அவள் வலை ஊசியை மடியில் வைத்தாள். இன்றைக்கு இவள் போய்விடுவாள் என்று மதலேனம்மா பயந்தாள். "மேடையிலை கதைக்கிறவைக்குக் கண் தெரியாது, அம்மா" என்றாள். குணலட்சுமி வெகுநேரம் கழித்து ஊசியைக் கையில் எடுத்தாள்.

பேச்சு முடிந்தது. மதலேனம்மா ஓர் இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கரையூர் வீட்டில் பிரக்கிராசியார் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது. இளநீருக்குத் தீட்டில்லை.

"வெய்யிலிலை கத்தித் தொண்டை காய்ஞ்சிருக்கும். குடியுங்கோ ஐயா."

அவர் வாங்கில் இருந்து இறங்கி, கதவடிக்கு வந்து வாங்கினார். குடிக்கவில்லை. "எப்பிடி இருக்கிறா?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

மதலேனம்மா முந்தானையை உதறுவதுபோல் விரித்து, ஊர்வலத்துக்குத் தன் அகன்ற முதுகைக் காட்டிக்கொண்டு, அவருக்கு மட்டும் கூடத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த குணலட்சுமி தெரியும்படி அரை அடி தள்ளி நின்றாள்.