இன்னும் காயல

கடற்கரையில் அவளை எல்லோரும் 'நாளைக்கு அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு உடைந்த அலைச்சறுக்குப் பலகையைக் கொண்டுவந்தாலும் சரி, விலாவில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையோடு கொண்டுவந்தாலும் சரி, அவள் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்: "நாளைக்கு வாங்க." மறுநாள் போனால் மறுபடியும் அதுவே. கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனவர்கள் உண்டு. அங்கே ஒட்டியது நாலாவது அலையில் பிய்ந்துபோக, தலையைச் சொறிந்துகொண்டு அவளிடமே திரும்பி வந்தவர்களும் அவர்கள்தான். அவள் ஒட்டியது பிய்ந்ததாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்தக் கரையில் எல்லாப் பிழைப்பும் அலையை நம்பித்தான். அலைச்சறுக்குப் பலகையை வாடகைக்கு விடுகிறவர்கள், அதன்மேல் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுக்கிறவர்கள், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அறை விடுகிறவர்கள், விழுந்து சிராய்த்துக்கொண்டவர்களுக்கு மருந்து விற்கிறவர்கள். அவள் கணவர் வேன் ஓட்டினார். கூரைமேல் பலகைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு, அலை எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே ஆட்களைக் கொண்டுபோய் விடுவார். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். அவள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பலகை பழுது பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிற பட்டறையில் ஆறு வருடம் இருந்தவள். இழைத்துணியை வெட்டுவது, ரெசின் என்கிற பிசினைத் தடவுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். "தொட்டிக்குத் தண்ணி வெளிய வரக்கூடாது, போர்டுக்குத் தண்ணி உள்ள போகக்கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஜோக் அது. இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு கைத்திறமையும் உள்ள அந்தப் பெண்மணிக்குக் கடலைக் கண்டால் ஈரக்குலை நடுங்கும். இருபது வருடத்தில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. வீட்டின் முன்கதவைத் திறந்தால் கடல் தெரியும் என்று பின்கதவு வழியாகவே போய் வருவாள். கடல் மட்டுமா? இடி, கேஸ் சிலிண்டர், அவள் கணவர் வேனில் வளைவு திரும்புவது, போன் இரண்டு தடவைக்கு மேல் அடிப்பது, அடிக்காமலே இருப்பது. மனிதர்களுக்குப் பயம் என்றால் ஓர் அளவு இருக்கும். இவள் அதை மொத்தமாக வாங்கி வைத்திருந்தாள்.

அந்தப் பயம்தான் அவளை நல்ல வேலைக்காரியாக ஆக்கியது என்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் மிஞ்சுகிற ரெசினை ஒரு காகிதக் கப்பில் அப்படியே விட்டு, பலகைக்குப் பக்கத்திலேயே வைப்பாள். பலகையில் இருப்பதும் கப்பில் இருப்பதும் ஒரே ரெசின். கப்பில் உள்ளது உள்வரை இறுகிவிட்டால் பலகையிலும் இறுகிவிட்டது என்று அர்த்தம். பலகையைத் தருவதற்கு முன் கட்டைவிரல் நகத்தால் கப்பை அமுக்கிப் பார்ப்பாள். நகம் இறங்கினால், நாளைக்கு வாங்க. இறங்காவிட்டால், எடுத்துட்டுப் போங்க. மந்திரியே வந்து நின்றாலும் அந்தக் கப் சொல்வதுதான் தீர்ப்பு.

ஒரே ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் அவள் அந்தக் கப்பை வைத்துப் பொய் சொன்னாள். அது அவள் மகள்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. ஏழு வயதில் பலகைமேல் எழுந்து நின்றவள். இப்போது காலையில் பத்துப் பேருக்கு அலைச்சறுக்குக் கற்றுக்கொடுத்தாள். நரைத்த தலைகள்கூட அவளை 'டீச்சர்' என்று கூப்பிட்டன. வீட்டில் மட்டும் இன்னும் பாப்பாதான். சின்ன அலை வருகிற நாளில் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். பெரிய அலை வரப்போகிறது என்று கரையில் பேச்சு அடிபட்டால் போதும், கொட்டகைக்கு ஓடுவாள். மகளின் பலகையில் ஏதாவது ஒரு கீறலைக் கண்டுபிடிப்பாள். "இதோட போனா தண்ணி ஏறிடும்" என்று ஒட்டுப் போடுவாள். ஒட்டு மத்தியானமே காய்ந்து கல்லாகியிருக்கும். மகள் வந்து கேட்டால் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "இன்னும் காயல பாப்பா" என்பாள். அலை அடங்கிய பிறகு பலகை திடீரென்று காய்ந்துவிடும்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒரு நாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது மகள் கப்பைத் தன் நகத்தால் அமுக்கிப் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டது. சண்டை ஏதும் போடவில்லை. அன்றிலிருந்து அம்மா "காயல" என்றால் சிரித்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கப்பைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. அம்மாவும் தெரியாததுபோல் இருந்துகொண்டாள். வேறு என்ன செய்வாள்?

அந்த வாரம் மகளின் பலகையில் கயிறு மாட்டுகிற கிண்ணம் ஆட்டம் கண்டிருந்தது. பலகையின் வால்பக்கத்தில் பதித்த, பாட்டில் மூடி அளவு கிண்ணம் அது. கயிற்றின் ஒரு முனை அதில், மறுமுனை கணுக்காலில். அலை ஆளைக் கவிழ்த்தாலும் பலகை விட்டுப் போகாமல் இருப்பது அந்தக் கயிற்றால்தான். அவள் பழையதைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கிண்ணம் பதித்தாள். சொட்டுச் சொட்டாகக் கலந்து இறுக வைக்கிற மருந்து தீர்ந்திருந்தது. அதனால் வெயில் பட்டுக் காய்கிற ரெசினை ஊற்றினாள். அதன் பிறகு இரண்டு நாள் மழை. சூரியன் எட்டியே பார்க்கவில்லை.

வியாழன் சாயங்காலம் மகள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, என் போர்டு?"

"இன்னும் காயல பாப்பா."

"நாளைக்குப் பெரிய அலை வருதுன்னு உனக்கு யாரு சொன்னா?" மகள் சிரித்தாள்.

"இல்லடி, நெஜமாவே காயல. வெயிலே இல்லையே."

"சரிம்மா, சரி." அந்த 'சரி'யில் எத்தனையோ 'காயல'க்களின் பாக்கி இருந்தது. அம்மாவுக்கு அது உறைத்தது. எழுந்துபோய்க் கப்பை எடுத்துக் கையில் கொடுத்து, "அமுக்கிப் பாரு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்ற நாளெல்லாம் பொய் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். வெட்கமாக இருந்தது. உப்புத்தாளை எடுத்து வேறொரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குள் போனதும் முதலில் மகளின் பலகையைக் கிடத்தியிருந்த மரச்சட்டத்தைத்தான் பார்த்தாள். பலகை இல்லை. பக்கத்தில் கப் வைத்த இடத்திலேயே இருந்தது. மேலே ஏடு கட்டியதுபோல் மினுமினுவென்று காய்ந்திருந்தது. யாருடைய நகமும் பட்டிருக்கவில்லை. அவள் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். ஏடு உடைந்து நகம் அடிவரை இறங்கியது. உள்ளே எல்லாம் பச்சையாக, பாகாக இருந்தது.

கப்பைப் பிடித்தபடியே முன்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். தெருவில் டீக்கடைக்காரர், "என்ன நாளைக்கு அக்கா, இன்னைக்கே ஓடுறீங்க?" என்றார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?

கடல் பழுப்பு நிறத்தில் இருந்தது. அலை ஒவ்வொன்றும் மாடி வீடுபோல் எழுந்து, நின்று, விழுந்தது. விழுகிற சத்தம் காலடி மணலில் அதிர்ந்தது. காவல் மேடையில் சிவப்புக் கொடி படபடத்தது. மேடையில் இருந்தவர் கடலில் மாட்டிக்கொள்கிறவர்களை மீட்கிற காவலர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில்காரர் என்று பெயர்.

"பாப்பா எங்க?"

"அதோ, மூணாவது அலைக்கு அந்தாண்ட." அவர் கை காட்டிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி ஏறி இறங்கியது. அதற்கு இந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, பாறைகள். நீரோட்டம் பாறைப் பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

"திரும்பி வரச் சொல்லுங்க. கிண்ணம் காயல. கயிறு பிச்சுக்கும்."

விசில்காரர் பெருமூச்சு விட்டார். "அக்கா, போன மாசம் போர்டுல வெடிப்பு இருக்குன்னு ஓடி வந்தீங்க. அதுக்கு முந்தி காய்ச்சல்னு சொல்லிக் கூப்பிடச் சொன்னீங்க. பாப்பா வந்து என்னைத்தான் திட்டுச்சு. அவ இந்தத் தண்ணியிலேயே வளந்த பொண்ணு. நீங்க நிழல்ல உக்காருங்க."

அவள் தண்ணீரின் ஓரத்துக்கு ஓடி இரண்டு கையையும் ஆட்டினாள். கத்தினாள். காற்று அவள் குரலை வாங்கி வேறெங்கோ போட்டது. தூரத்துப் புள்ளி ஒரு கையை உயர்த்தி ஆட்டியது. அம்மா வந்துவிட்டாள், வழக்கம்போல் என்று நினைத்திருக்கும். ஆட்டிவிட்டு அலைப்பக்கம் திரும்பிக்கொண்டது. கரையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

தன்னுடைய பொய்யெல்லாம் இப்படி வரிசையாக வந்து வழியை மறித்து நிற்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பயந்து பயந்து மகளைக் காப்பாற்றியதாக நினைத்தாளே, இன்று நிஜமாகக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அவள் வார்த்தைக்குக் காலணா மதிப்பில்லை.

மேடைக்குத் திரும்பி ஓடினாள். ஏணியில் ஏறி, அவர் மூக்குக்கு நேராகக் கப்பை நீட்டினாள்.

"என்னை நம்ப வேண்டாம். இதை அமுக்கிப் பாருங்க. அவ போர்டுல ஊத்துனது இதுதான். மத்த நாளெல்லாம் நான் பொய் சொன்னேன். எல்லாம் பொய். இது மட்டும்தான் நெஜம். அமுக்குங்க."

விசில்காரர் அலுப்போடுதான் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. எடுத்தபோது நூல்போல் இழுபட்டுக்கொண்டு வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. மேடையிலிருந்து குதித்து, மீட்புப் பலகையை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்.

அவர் முதல் அலையைத் தாண்டி, இரண்டாவதுக்குள் தலையைக் கொடுத்த நேரத்தில்தான் தூரத்தில் அந்தப் பெரிய அலை எழுந்தது. மகள் அதன்மேல் எழுந்து நிற்பது தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. வெறும் நுரை. நுரைக்குள்ளிருந்து பலகை மட்டும் துள்ளி வெளியே வந்து, ஆளில்லாமல், நேராகக் கரையைப் பார்த்து வந்தது.

அது அவள் காலடிக்கே வந்து ஒதுங்கியது. வால்பக்கத்தில் கிண்ணம் இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் பிசுபிசுவென்று ரெசின். அவள் கையால் போட்ட வேலை. அதைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். பாறைப்பக்கம் ஒரு தலை தெரிந்தது, முழுகியது, தெரிந்தது. இனி வராது, இனி வராது என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்று பிறகு சொன்னார்கள். விசில்காரர் மகளை மீட்புப் பலகையில் குப்புறப் போட்டு, தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, தோளிலிருந்து முழங்கை வரை பாறை உரசிய காயம். கணுக்காலில் கயிறு, கயிற்றின் நுனியில் கிண்ணம்.

"நாலு நிமிஷம் லேட்டாக் கிளம்பியிருந்தா பாறைமேல போட்டிருக்கும்" என்றார் விசில்காரர், மூச்சு வாங்க.

மகள் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "அம்மா, நீ ஏன் தண்ணிக்குள்ள நிக்கிற?" என்றுதான். அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். இடுப்பு வரை கடல்.

தோளில் கட்டுப் போட்டு வந்த பிறகு, மகள் கொட்டகையில் உட்கார்ந்து அந்தக் கப்பில் தன் நகத்தையும் இறக்கிப் பார்த்தாள்.

"நெஜமாவே காயல."

"மத்ததெல்லாம் காஞ்சிருந்துச்சு" என்றாள் அம்மா. தலை நிமிரவில்லை.

"தெரியும்மா. எனக்கும் புத்தி இல்ல, ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கலாம்." கப்பைக் கீழே வைத்துவிட்டு மகள் சொன்னாள்: "இனிமே நான் கப்பை அமுக்கிப் பாக்கமாட்டேன். நீ காயலன்னா போகமாட்டேன், காஞ்சிருச்சுன்னாதான் போவேன். ஆனா நீ நெஜத்தைச் சொல்லணும்."

அம்மா தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டுவது சுலபமாகத்தான் இருந்தது.

காயம் ஆற ஒன்றரை மாதம் ஆனது. புதுக் கிண்ணம் பதித்து மூன்று நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் சாயங்காலம் கரையெல்லாம் ஒரே பேச்சு: காலையில் பெரிய அலை. அவள் கணவரின் வேனுக்கு முன்பதிவு நிரம்பியது. அவள் அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் மகள் வந்து நின்றாள்.

"காஞ்சிருச்சாம்மா?"

கடல் சத்தம் கொட்டகைத் தகரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கப்பை எடுத்து அமுக்கினாள். கல். இன்னொரு பக்கம் அமுக்கினாள். கல். மகள் கப்பைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று 'இன்னும் காயல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபேச்சுப் பேசாமல் நம்பி வீட்டில் இருந்துவிடுவாள். முன்பெல்லாம் நம்பாத மகளிடம் பொய் சொன்னாள். இப்போது நம்புகிற மகள்.

கப்பைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"காஞ்சிருச்சு" என்றாள். "எடுத்துட்டுப் போ."

மகள் பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் கப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள், முன்கதவு வழியாக. மேடைக்குக் கீழே, தண்ணீர் முழங்காலைத் தொடுகிற இடத்தில் போய் நின்றாள். மூன்றாவது அலைக்கு அப்பால் புள்ளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்குகிற ஒவ்வொரு முறையும் அவள் கப்பை நகத்தால் அமுக்கிப் பார்த்தாள். கல்லாகத்தான் இருந்தது.