மாலை போட்ட படம்

வேங்கிக்கால் மைதானத்து வாசலில் பஸ் என்னை இறக்கிவிடுகிறது. இறந்துபோன ஓர் ஆட்டக்காரியின் நினைவாகப் பெண்களுக்கான சர்வதேச கிரிக்கெட் போட்டி என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். கீழே மேசைமேல் ஒரு பெண்ணின் படம். நெற்றியில் குங்குமம், மோவாயில் சிறு தழும்பு, சம்பங்கி மாலை, முன்னால் ஊதுபத்தி. இருபது வயதுகூட இருக்காது. இலங்கை அணியினர் வரிசையாக வந்து பூப்போட்டுத் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

வெயில் தாங்காமல் எதிரே மோர்க் கடையில் ஒதுங்குகிறேன். காலில் பேடு கட்டிய ஒரு பெண் வந்து மோர் கேட்கிறாள். திரும்பிப் பார்க்கிறேன். என் கையிலிருந்த டம்ளர் நழுவுகிறது. மாலை போட்ட படத்தில் இருப்பவள் இவளேதான். மோவாயில் அதே தழும்பு.

"பயந்துட்டீங்களா? உயிரோடதாங்க இருக்கேன். செத்தவ என் சிநேகிதி, கீழ்பென்னாத்தூர்க்காரி. அவளுக்குனு இருந்தது நாங்க சேர்ந்து எடுத்த ஒரே போட்டோ. போட்டோ கடைக்காரர் அவளை வெட்டிப் போட்டுட்டு என்னைப் பெருசு பண்ணிட்டாருங்க."

"படத்தை அங்கிருந்து எடுக்கச் சொல்லக் கூடாதாம்மா?"

"காலைல வந்துதான் பார்த்தேன். அதுக்குள்ள எல்லாரும் வரிசையில நின்னுட்டாங்க. நானும் போய்ப் பூப்போட்டேன்." மோரை ஒரே மூச்சில் குடிக்கிறாள். "எடுத்துட்டா வைக்கிறதுக்கு வேற இல்லைங்க. இதுலயாவது அவ கொஞ்சம் இருக்கா."

புரியாமல் மேசைக்குப் போய் மாலையை லேசாக விலக்குகிறேன். படத்தின் ஓரத்தில், அவள் தோள்மேல், வெட்டுப்படாமல் தப்பிய நான்கு விரல்கள்.